விநாடியில் இருக்கிறது வெற்றி

குளிர் நீங்காத மார்ச்சு மாதத்தில் பாரிஸ் வட்டாரத்திலிருந்து புறப்பட்டு, எட்டு நாட்களில் கடலோர நீஸ் நகரை அடைவது 'பாரிஸ்–நீஸ்' சைக்கிள் பந்தயம். 1933-இல் தோன்றிய இதனைச் 'சூரியனை நோக்கிய ஓட்டம்' என்பர்.

முன்னே செல்பவரை மட்டும் பார்ப்போருக்கு இதன் சுவை பாதிதான் கிட்டும். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவருக்கே பட்டம். அன்றைய ஓட்டத்தில் முதல்வருக்கு 10, இரண்டாமவருக்கு 6 என விநாடிகள் கழிவதும் உண்டு.

2017-இன் கடைசி நாளில் ஸ்பெயின் வீரர் கொன்டடோர் 31 விநாடி பின்தங்கிப் புறப்பட்டார். மலைகளில் விரைந்து முன்னேறினார். எல்லைக்கோட்டிலோ அவர் நாட்டவரான தெ லா குருஸ் முந்திவிட்டார். எனவே கொன்டடோருக்குக் கழிந்தது 6 விநாடியே. கொலம்பியாவின் எனாவோ 2 விநாடியில் பட்டம் வென்றார்! அந்த முதலிடம் கிட்டியிருப்பின் பட்டம் கொன்டடோருடையதே.

ஆகவே அன்பர்களே, பந்தயத்தைப் பார்க்கையில் கடிகாரத்தையும் பாருங்கள்.