பூஜ்யத்துக்குத் திரும்பும் எண்

ரயில்வே பணிமனையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு டோக்கன் நம்பர் உண்டு. மூன்று முருகேசன்கள் இருந்தாலும் சம்பளப் பட்டியலில் குழப்பம் வராது. நம் வீட்டுப் பிள்ளைகள் வேலை செய்யும் யூனிக்ஸ், லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் இதே முறைதான். நாம் பெயரைத் தட்டி உள்ளே போகிறோம். அது பார்ப்பதோ எண்ணை. ஒவ்வொரு ஃபைலிலும் உரிமையாளரின் எண்ணும் ஒரு குழுவின் எண்ணும் பதிவாகியிருக்கும். வேலையை விட்டுப் போனவரின் எண்ணைப் புதியவருக்குக் கொடுத்தால், பழையவர் விட்டுச் சென்ற ஃபைல்களும் புதியவருக்குச் சொந்தமாகிவிடும். நாங்களும் பழைய டோக்கனை மறுபடி கொடுத்ததுண்டு. ஆனால் அலமாரிச் சாவியைக் கூடவே கொடுத்ததில்லை!

எண்களில் 0 தனி ரகம். அது 'ரூட்' என்னும் சர்வாதிகாரியின் எண். யாருடைய ஃபைலையும் படிக்கலாம், அழிக்கலாம்.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் உருவானபோது இந்த எண்ணுக்கு 8 பிட் இடமே ஒதுக்கினார்கள்; அதாவது 0 முதல் 255 வரை. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் அது 16 பிட் ஆயிற்று. 65,536 எண்கள். பெரிய நிறுவனங்களுக்கு அதுவும் போதவில்லை. 2001 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.4 அதை 32 பிட் ஆக்கியது. இப்போது 429 கோடிக்கு மேல்.

இடம் பெருகியதும் வேறொரு ஆபத்து வந்தது. பழைய ஸ்கூட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 99999க்கு அடுத்தது 00000. அதுபோல 65536 என்ற எண்ணை 16 பிட் இடத்தில் திணித்தால் மிஞ்சுவது 0. சாதாரண ஊழியர் சர்வாதிகாரியாகிவிடுவார்! அதனால்தான் பழைய புரோகிராம்கள் கேட்கும்போது, அந்த இடத்தில் அடங்காத எண்ணுக்குப் பதிலாக 65534 என்று லினக்ஸ் சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் அது 'யாருமில்லை' என்ற கணக்கின் எண்.

எல்லோரும் இவ்வளவு கவனமாக இருந்துவிடவில்லை. அனுமதி சோதிக்கும் 'போல்கிட்' என்ற புரோகிராமில் 2018இல் ஒரு ஓட்டை தெரியவந்தது. 2,147,483,647க்கு மேல் எண் உள்ளவர், ரூட்டுக்கு மட்டுமே உரிய சில கட்டளைகளைத் தடையின்றிப் போட முடிந்தது. பிறகு திருத்தினார்கள்.

குழு எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. வேறொரு கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலை என்.எஃப்.எஸ். முறையில் திறக்கும்போது, வழக்கமான அமைப்பில் கோரிக்கையோடு 16 குழு எண்களுக்கே இடம். பதினேழாவது விடுபட்டுவிடும். "குழுவில் சேர்த்துவிட்டார்கள், ஆனாலும் ஃபைல் திறக்கவில்லை" என்று உங்கள் பிள்ளை புலம்பினால், 'ஐடி' என்ற கட்டளையைத் தட்டி எத்தனை குழுக்கள் என்று முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.