உங்களுக்குத் தெரியுமா? விறகுக் கொதிகலன் கதவைத் திறக்கும் முன்...

ஐரோப்பா, வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் பல வீடுகளைக் கதகதப்பாக வைத்திருப்பது, விறகுக் கொதிகலனில் சூடாகிக் குழாய்களில் ஓடும் தண்ணீர்தான்.

• தீ எரியும்போது சட்டென்று கதவைத் திறந்தால் புகை அறைக்குள் பாயும். உள்ளே தேங்கிய விறகு வாயு, புதுக் காற்று பட்டதும் குப்பென்று பற்றி முகத்தைச் சுட்டுவிடலாம்.

• அதனால் முதலில் புகையை நேரே புகைபோக்கிக்கு விடும் தடுப்புத் தகட்டைத் திறக்க வேண்டும். பிறகு கதவைச் சிறிதளவு திறந்து, சற்றுப் பொறுத்து, முழுவதும் திறந்து விறகை அடுக்கலாம்.

• ஆஸ்திரியா, ஜெர்மனித் தயாரிப்புகள் பலவற்றில் கதவருகிலேயே புகையை உறிஞ்சும் பாதை உண்டு. மின்விசிறி அதை வெளியே இழுத்துவிடும்.

• புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு. கொதிகலன் உள்ள இடத்தில் அதைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கட்டும்.