பின்னங்களைக் களைவது எப்படி?

ஒரு குவியலோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19 கிடைக்கிறது. குவியல் எவ்வளவு?

உயர்நிலைப் பள்ளி மாணவரின் கணக்கு நோட்டில் இடம்பெறத்தக்க இவ்வினா 3,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. ஆமெசு என்ற எகிப்திய எழுத்தர் கி.மு. 1550 அளவில் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் இது 24ஆம் கணக்காக உள்ளது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றி ரிண்ட் 1858இல் அச்சுருளை எகிப்தில் விலைக்கு வாங்கினார். 1865 முதல் அதன் பெரும்பகுதி இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நம்மைப்போல் எழுத்துகளைக் கொண்டு சமன்பாடு அமைக்கும் வழக்கம் ஆமெசுக்கு இல்லை. அவர் குவியலை 7 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டார். 7இல் ஏழில் ஒரு பங்கு 1, கூட்டினால் 8. வேண்டியதோ 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வரும்? 2 3/8 மடங்கு. ஆகவே ஏழையும் அதே மடங்காக்கினார். விடை 16 5/8.

எகிப்தியர் 2/3 போன்ற சிலவற்றைத் தவிர, தொகுதியில் 1 உள்ள பின்னங்களையே எழுதினர். எனவே ஆமெசு இவ்விடையைப் பதினாறு, அரை, எட்டில் ஒன்று என எழுதினார். நம் முன்னோரும் இதைப் ‘பதினாறே அரையே அரைக்கால்’ என்றுதான் சொல்லியிருப்பர்!

அவர் ஏன் 7ஐத் தேர்ந்தார்? ஏழில் ஒரு பங்கு எடுக்கும்போது பின்னம் தலைகாட்டாமல் இருப்பதற்காகவே. இன்று நாம் மீச்சிறு பொது மடங்கால் பெருக்குவதும் இதே நோக்கத்திற்காகத்தான்.

ஒரு சிறு மாற்றம்

கணக்கைச் சற்றே மாற்றுவோம். குவியல், அதன் ஏழில் ஒரு பங்கு, அத்துடன் 5 ஆகியவை சேர்ந்து 19 என்க. மீண்டும் 7 என வைத்துப் பார்த்தால் 7 + 1 + 5 = 13. பதின்மூன்றைப் பத்தொன்பதாக்கும் அதே மடங்கால் ஏழைப் பெருக்கினால் ஏறத்தாழ 10.23 வருகிறது. ஆனால் சரிபார்த்தால் கூட்டுத்தொகை 16.69 அளவிலேயே நின்றுவிடுகிறது. காரணம் யாது? குவியல் பெருகினால் அதன் பங்கும் பெருகும். 5 மட்டும் மாறாது நிற்கும். எனவே எல்லாவற்றையும் ஒரே மடங்காகப் பெருக்கும் உபாயம் இங்குச் செல்லாது.

இங்கே சமன்பாடு கைகொடுக்கிறது. குவியலை ‘க’ என்க.

க + க/7 + 5 = 19

சமன்பாடு ஒரு தராசு போன்றது. இரு தட்டுகளிலும் உள்ளவற்றை முழுமையாக 7 மடங்காக்கினால் தராசு சாயாது.

7க + க + 35 = 133
8க = 98
க = 12 1/4

சரிபார்ப்போம்: 12 1/4 + 1 3/4 + 5 = 19. விடை சரி.

ஏமாற்றும் முழு எண்

மாணவர் பலர் இடறும் இடம் இதுதான். பின்னம் உள்ள உறுப்பை மட்டுமே கவனித்து, 5ஐப் பெருக்காமல் விட்டுவிடுகின்றனர். அப்போது 7க + க + 5 = 133 என்றாகி, க = 16 என அழகான முழு எண் கிடைக்கிறது! முழு எண் வந்ததும் விடை சரியென்று மனம் நம்பிவிடுகிறது. 16ஐ மூலச் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 23 2/7 ஆகிறது. பொய் விடை முழு எண்ணாகவும் மெய் விடை பின்னமாகவும் அமைவது உண்டு. தோற்றத்தை நம்புதல் கூடாது.

இரண்டாவது இடறல் கழித்தல் குறியால் வருவது.

க/2 − (க − 1)/3 = 2

2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6. ஒவ்வோர் உறுப்பையும் ஆறால் பெருக்க,

3க − 2(க − 1) = 12
3க − 2க + 2 = 12
க = 10

பின்னக் கோடு ஓர் அடைப்புக்குறியின் வேலையையும் செய்கிறது. கோட்டை நீக்கும்போது அடைப்பைப் போட மறந்தால் +2 என்பது −2 ஆகிவிடும். விடையும் 14 எனத் தவறாகும்.

மூன்றாவது, எங்கே பெருக்கலாம் என்பது. க/2 + க/3 என்பதைச் சுருக்குக என்று கேட்டால் விடை 5க/6. இதையும் ஆறால் பெருக்கி 5க என எழுதுவோர் உளர். இது கோவை, சமன்பாடு அன்று. தராசுக்கு இரண்டாம் தட்டே இல்லாதபோது, பெருக்கினால் மதிப்பு மாறிவிடும். க = 6 எனக் கொண்டால் கோவையின் மதிப்பு 5; ஆனால் 5க என்பதோ 30.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. பகுதியிலேயே தெரியாத எண் இருந்தால் என் செய்வது?

2 + 3/(க − 3) = க/(க − 3)

இருபுறமும் (க − 3)ஆல் பெருக்கினால் 2க − 6 + 3 = க; ஆகவே க = 3. ஆனால் க = 3 எனில் பகுதி சுழியாகிவிடுகிறது. சுழியால் வகுத்தல் இல்லை. எனவே இச்சமன்பாட்டிற்குத் தீர்வே கிடையாது. சுழியால் பெருக்கினால் இரு தட்டுகளும் வெறுமையாகும். முன்பு அவை சமமாக இருந்தனவா என்பது அதிலிருந்து தெரியாது.

மேற்கண்ட தவறுகள் யாவற்றையும் காட்டிக்கொடுப்பது ஒரே பழக்கம். ஆமெசு அதை அன்றே கைக்கொண்டார். விடை கண்டதோடு நில்லாமல், பதினாறே அரையே அரைக்காலுடன் அதன் ஏழில் ஒரு பங்கான இரண்டே காலே அரைக்காலைக் கூட்டி, மொத்தம் 19 என்று தம் சுருளில் எழுதியுள்ளார்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள்:

க/2 − (க + 4)/5 = 4

விடையை இங்கே தரவில்லை. கிடைத்த எண்ணை மூலச் சமன்பாட்டில் இடுங்கள். சரியா, தவறா என்பதைச் சமன்பாடே சொல்லிவிடும்.