வீட்டில் பாதுகாப்பு, கப்பலில் ஆபத்து! - சொகுசுக் கப்பல் அறையில் ஸ்பைக் பஸ்டருக்கு ஏன் தடை?

"நாலு போன், ஒரு டேப், ஒரு கேமரா... ஒரே பிளக் பாயின்ட் எப்படிங்க போதும்? அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் எடுத்து வைங்க."

சிங்கப்பூர் போய் அங்கிருந்து சொகுசுக் கப்பலில் ஏறப் போகும் எந்தக் குடும்பத்திலும் இந்தப் பேச்சு வரும். டி.வி-க்குப் பின்னால் இருக்கும் ஸ்பைக் பஸ்டர் கழற்றப்பட்டு, துணிகளுக்கு நடுவே செருகப்படும். கூடவே ஒரு சின்ன அயர்ன் பாக்ஸ், குழந்தைக்குப் பால் கலக்க ஓர் எலெக்ட்ரிக் கெட்டில்.

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டிகளைப் பெரும்பாலான கப்பல்களில் ஊழியர்களே அறை வாசலுக்குக் கொண்டு வந்து வைப்பார்கள். எல்லாப் பெட்டியும் வந்துவிடும், அந்த ஒரு பெட்டியைத் தவிர! ஸ்கேனரில் மாட்டிக்கொண்ட அது, பாதுகாப்பு அறையில் காத்திருக்கும். உரிமையாளர் நேரில் போய்த் திறந்து காட்ட வேண்டும். தடை செய்யப்பட்ட பொருளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுப்பார்கள். பயணம் முடிந்து இறங்கும்போதுதான் அது திரும்பக் கிடைக்கும்.

'ஒரு பிளக் பாக்ஸுக்கா இவ்வளவு கெடுபிடி?' என்று எரிச்சல் வருவது இயல்பு. ஆனால், வீட்டில் டி.வி-யைக் காப்பாற்றும் அதே ஸ்பைக் பஸ்டர், கப்பலில் தீயைப் பற்றவைக்கக்கூடிய பொருளாக மாறலாம் என்பதுதான் விஷயம்.

கப்பல் கரண்ட் வேறு!

நம் வீட்டு பிளக் பாயின்ட்டில் ஒரு வயர் பேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரல் வயர், டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தில் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் டெஸ்டரை பேஸில் வைத்தால் எரிகிறது, நியூட்ரலில் வைத்தால் எரிவதில்லை.

நடுக்கடலில் 'எர்த்' செய்ய மண் ஏது? கப்பலின் இரும்பு உடல்தான் அங்கே எர்த். பல கப்பல்களில், மின்சாரம் வரும் இரண்டு வயர்களில் எதையும் அந்த உடலோடு இணைப்பதில்லை. அதாவது, நியூட்ரல் என்று தனியாக ஒன்று கிடையாது. இரண்டு வயரிலும் மின்னழுத்தம் இருக்கும். 110 வோல்ட் சாக்கெட் என்றால், ஒவ்வொரு வயருக்கும் கப்பல் உடலுக்கும் இடையே ஏறக்குறைய 55 வோல்ட்.

இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கோ ஒரு வயர் உரிந்து இரும்பில் பட்டாலும், இந்த அமைப்பில் உடனே மின்சாரம் துண்டிக்கப்படாது. ஓடும் கப்பலில் பம்ப்பும் திசைமாற்றும் இயந்திரமும் திடீரென நின்றுவிடக் கூடாது அல்லவா? பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

'ஆஃப்' செய்தாலும் ஆஃப் ஆகாது

இங்கேதான் ஸ்பைக் பஸ்டர் சிக்கலாகிறது. அதற்குள் 'மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர்' என்ற, வட்ட மாத்திரை போன்ற சின்ன பாகம் இருக்கும். மின்னழுத்தம் எக்குத்தப்பாக ஏறினால், கூடுதல் மின்சாரத்தைத் திசைதிருப்பி, நம் டி.வி-யைக் காப்பது இதன் வேலை. நொடிப்பொழுதில் வந்துபோகும் ஏற்றத்தைத்தான் இது தாங்கும். தொடர்ந்து மின்சாரம் பாய்ந்தால் சூடாகும். சூடாக ஆக இன்னும் அதிக மின்சாரத்தை விடும். கடைசியில் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கலாம்.

கப்பலில் வேறெங்கோ ஒரு வயர் இரும்பில் பட்டுவிட்டால், மற்ற வயருக்கும் கப்பல் உடலுக்கும் இடையிலான மின்னழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும். பழுது சரியாகும்வரை அது குறையாது. அந்தச் சுமை, வீட்டு வயரிங்கை நம்பித் தயாரிக்கப்பட்ட ஸ்பைக் பஸ்டர் மீது விழும்.

சுவிட்சை ஆஃப் செய்தால் போதாதா? வீட்டுக்கான சாதாரண ஸ்பைக் பஸ்டரின் சுவிட்ச், ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். வீட்டில் அது போதும். கப்பலிலோ, இன்னொரு வயரிலும் கரண்ட் இருக்கிறது. சிவப்பு விளக்கு அணைந்திருக்கும். ஆனால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்கக் கடலோரக் காவல்படை, 2013-ல் இதற்காகவே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு கன்டெய்னர் கப்பலின் தங்கும் அறைகளில், கடையில் வாங்கிய இத்தகைய பிளக் பாக்ஸ்களால் இரண்டு முறை தீ விபத்து நூலிழையில் தவிர்க்கப்பட்டதே அதற்குக் காரணம்.

கடலில் தீயணைப்பு வண்டி வராது

மார்ச் 23, 2006. ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' சொகுசுக் கப்பலில், ஓர் அறையின் பால்கனியில் தீப்பிடித்தது. காரணம் மின்சாரம் அல்ல, அணைக்காமல் வீசப்பட்ட சிகரெட் துண்டாக இருக்கலாம் என்றது விசாரணை. பயணி ஒருவர் உயிரிழந்தார். 79 அறைகள் நாசமாயின. அணைத்தது கப்பல் ஊழியர்கள்தான். நடுக்கடலுக்கு வேறு யார் வர முடியும்?

சின்னப் பொறிக்கு இவ்வளவு பெரிய விலை என்பதால்தான், கப்பல் நிறுவனங்கள் அறைக்குள் வரும் பொருள்களில் இத்தனை கறாராக இருக்கின்றன. சர்ஜ் வசதி உள்ள பிளக் பாக்ஸ்களுக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் அனுமதி இல்லை. சர்ஜ் வசதி இல்லாதவற்றில், நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். ராயல் கரீபியன் நிறுவனம் 2024-ல் அவற்றையும் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அயர்ன் பாக்ஸ், கெட்டிலுக்கும் 'நோ'

அயர்ன் பாக்ஸ், துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமர், கெட்டில், ரைஸ் குக்கர், ஹீட்டர் ராடு என்று சூடாக்கும் பொருள்கள் பொதுவாகத் தடைப் பட்டியலில் இருக்கும். மெழுகுவத்தி, ஊதுவத்திக்கும் இடமில்லை. முடியை நேராக்கும் ஸ்ட்ரெயிட்னர், ஷேவர், லேப்டாப், கேமரா சார்ஜர் ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன.

வோல்டேஜிலும் கவனம் தேவை. பல கப்பல் அறைகளில் அமெரிக்க பாணி 110 வோல்ட் சாக்கெட்டும், ஐரோப்பிய பாணி 220 வோல்ட் சாக்கெட்டும் அருகருகே இருக்கும். நம் ஊர் மூன்று முள் பிளக் இரண்டிலும் நேரடியாகப் பொருந்தாது.

அப்போ நாலு போனுக்கு என்ன செய்வது?

* நான்கைந்து யு.எஸ்.பி போர்ட் உள்ள ஒரே சார்ஜர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாக்கெட்டில் மொத்தக் குடும்பத்துக்கும் சார்ஜ் ஏறும். நீண்ட வயர் இல்லாத மாடலாக இருந்தால் நல்லது.

* சார்ஜரின் பின்பக்கம் 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு சாக்கெட்டிலும் ஓடும். தேவை ஓர் அடாப்டர் மட்டுமே.

* அடாப்டர் வாங்கும்போது அட்டையில் 'சர்ஜ்', 'ஸ்பைக்', 'ஜூல்' போன்ற வார்த்தைகள் இருந்தால் அதை வைத்துவிடுங்கள்.

* புதிய கப்பல்கள் பலவற்றில் கட்டிலுக்கு அருகே யு.எஸ்.பி போர்ட்டுகள் இருக்கும். அறையைக் கவனிக்கும் ஊழியரிடம் கேட்டால் காட்டுவார்.

* பவர் பேங்க்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். கப்பலில், அதைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள்.

* டிக்கெட் போட்டதுமே, அந்த நிறுவனத்தின் தடைப் பட்டியலைப் படியுங்கள். பட்டியல் அவ்வப்போது மாறும். போன வருடம் போய்வந்த மாமா சொன்னதை மட்டும் நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

தாத்தா, பாட்டியும் வருகிறார்களா?

தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்காக சி-பாப் கருவி பயன்படுத்துபவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி உண்டு. கட்டிலுக்கும் சாக்கெட்டுக்கும் தூரம் அதிகமாக இருக்கலாம் என்பதால், முன்பதிவின்போதே தெரிவித்துவிட வேண்டும். கப்பலுக்கு ஏற்ற எக்ஸ்டென்ஷன் வயரைப் பல நிறுவனங்கள் அவர்களே கொடுக்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோவதைவிட அதுதான் பத்திரம்.

அடுத்த முறை பெட்டி அடுக்கும்போது, டி.வி-க்குப் பின்னால் இருக்கும் ஸ்பைக் பஸ்டர் அங்கேயே இருக்கட்டும். மறந்துபோய் வைத்துவிட்டு, கப்பலில் அதை எடுத்துக்கொண்டால் வாக்குவாதம் வேண்டாம். அந்த ஊழியர் காப்பாற்றப் பார்ப்பது பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையையும் சேர்த்துத்தான்.