விவரம் இல்லாத பதிவு

மார்ச் 31 நெருங்கும் நாட்களில் வங்கியாளர் இல்லங்களில் இரவு உணவு ஆறிப்போவது வழக்கம். கடந்த ஆண்டுக்கணக்கு முடிப்பின்போது திறன்கடிகாரம் ஒன்றை அணிந்து, அது காட்டிய மன அழுத்த அளவை இரண்டு வாரங்கள் குறித்து வந்தோம்.

அக்கருவியின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கு, தோலின் கீழ் ஓடும் குருதியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு நாடித்துடிப்பை அறிகிறது. துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் சிறிது கூடிக் குறைவதே இயல்பு. அழுத்தம் மிகும்போது அவ்வேறுபாடு பெரும்பாலும் சுருங்குகிறது. காப்பி அருந்தினாலும், காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே நிகழக்கூடும். தொகை மட்டும் இருந்து விவரம் இல்லாத கணக்குப் பதிவைப் போன்றது அது.

ஆகவே ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு வரி எழுதினோம். பணிநேரத்தைக் காட்டிலும் இரவு ஒன்பதரைக்கே அளவு உயர்ந்திருந்தது. எதிரே பெரும்பாலும் ஒரே குறிப்பு: கிளையின் வாட்ஸ்அப் குழு. குழு அமைதியாயிருந்த இரு ஞாயிறுகளிலும் அவ்வுயர்வு இல்லை. (இல்லத்தார் இதைக் கருவியின்றியே பலமுறை கூறியிருந்தனர்.) எட்டரைக்கு மேல் நம் கைப்பேசி இப்போது கூடத்து அலமாரியில் இருக்கிறது.

கருவி வாங்குவோர், செயலி கோரும் அனுமதிகளைக் கடன் ஒப்பந்தத்தைப் போலவே படித்தபின் இசைவு தருக. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், கடிகாரத்தை நம்பியிராது மருத்துவரை நாடுக. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 கட்டணமின்றி, இரவு பகலாக, தமிழிலும் இயங்குகிறது.