இருபத்திரண்டிலிருந்து முப்பத்திரண்டுக்கு

துப்பாக்கி சுடுதல் என்றால் போலீஸ் உத்தியோகம், இல்லாவிட்டால் சினிமா என்று நாம் நினைத்திருந்த காலம் மலையேறிவிட்டது. 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா சென்டர் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கியதிலிருந்தே வடக்கில் இந்த விளையாட்டுக்குத் தனி மவுசு. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். .22-இல் இரண்டு வருஷம் பழகிய பிள்ளை "அப்பா, அடுத்தது சென்டர் ஃபயர்" என்று ஒருநாள் வந்து நிற்கும். அப்பாவுக்கு ஒன்றும் புரியாது. இந்தக் கட்டுரை அந்த அப்பாவுக்காக.

முதலில் பெயரைப் பார்ப்போம். .22 தோட்டாவில், பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் தீப்பற்றும். இதுதான் ரிம்ஃபயர். விளிம்பு நசுங்க வேண்டுமானால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே தோட்டா சிறியது, மலிவு, சாது. சென்டர் ஃபயரில் அந்த மருந்து அடிப்பாகத்தின் நடுவே தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும். கூட்டைத் தடிப்பாகச் செய்யலாம். அதற்கேற்பப் பெரிய குண்டையும் தள்ளலாம்.

நம் நாட்டில் 9 மி.மீ. போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. ஆகவே சாதாரணக் குடிமகன் வந்து நிற்கும் இடம் .32 ரிவால்வர்தான். .22 குண்டின் எடை சுமார் 2.6 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 330 மீட்டர். .32 குண்டு சுமார் 6.4 கிராம், வேகம் 240 மீட்டர் அளவில். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: கைக்கு வரும் உதைப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பயப்படும்படி இல்லை. ஆனால் .22-இல் தெரியாத ஒரு கெட்ட பழக்கம் இங்கே முளைக்கும். உதைக்கப் போகிறது என்று தெரிந்ததும் கை முன்கூட்டியே கீழே இழுக்கும். குண்டு இலக்குக்குக் கீழே போகும்.

இந்த உதைப்பை அடக்குவது துப்பாக்கியின் எடை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2014-இல் கான்பூர் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம், கைப்பையில் அடங்கும். அடங்குவதற்குச் சரி; பழகுவதற்கு அல்ல. இலேசான துப்பாக்கி அதிகம் உதைக்கும், குட்டைக் குழலில் குறி பார்க்கும் தூரமும் குறைவு. போட்டிக்கென்றால் கணக்கே வேறு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் 60 தோட்டா. துப்பாக்கி 1400 கிராம் வரை இருக்கலாம், குழல் 153 மி.மீ. வரை, விசையின் இழுப்பு 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. கடையில் விற்கும் பாக்கெட் ரிவால்வரை வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது, மாட்டு வண்டியில் ராஜதானியைத் துரத்துகிற கதை.

இன்னொன்று. சர்வதேச அளவில் பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் .22-தான். 2024 பாரிஸில் மனு பாக்கர் நான்காவதாக வந்த போட்டி அது. ஆண்களின் ஒலிம்பிக் ரேபிட் ஃபயரும் .22-தான். ஆகவே பெண் பிள்ளை வந்து கேட்டால், "எதற்கு?" என்று நிதானமாக ஒருமுறை கேளுங்கள்.

சரி, வாங்குவதென்றே முடிவாகிவிட்டால், கைக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிடியைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாக உட்கார வேண்டும். கையை முறுக்கி எட்டக் கூடாது. விளிம்பை நசுக்கப் பலம் வேண்டியிருப்பதால் .22 ரிவால்வரின் விசை பெரும்பாலும் கடினமாகவே இருக்கும். அதில் பழகிய விரலுக்கு நல்ல சென்டர் ஃபயர் விசை வெண்ணெய் போலத் தோன்றும்.

பழைய துப்பாக்கி என்றால் உருளை காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுத்தியலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஆறு அறைக்கும் உருளை முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிய பிறகு கடகடவென்று ஆடினால் விற்பவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். சுடும்போது அதன் வழியாகச் சூடான வாயு பீறிடும். அந்தப் பக்கம் விரல் போகவே கூடாது. இதைப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்ல வேண்டும்.

.22-ஐத் தள்ளி வைத்துவிடாதீர்கள். பயிற்சியில் பெரும்பகுதி அதிலேயே நடக்கட்டும், செலவும் மிச்சம். .32-இல் பழகும்போது பயிற்சியாளர் உருளையில் சில வெற்றுக் கூடுகளைக் கலந்து போடுவார். எது வெடிக்கும் என்று சுடுபவருக்குத் தெரியாது. வெற்றுக் கூட்டில் சுத்தியல் விழும்போது குழல் முனை குனிந்தால், கை பயப்படுகிறது என்று அர்த்தம். ரிவால்வரில் இது வெகு சுலபம்.

இனி லைசென்ஸ். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயது ஆகாதவர் சொந்தமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. அதுவரை கிளப் துப்பாக்கிதான். என்னைக் கேட்டால் அது நல்லதற்கே: நாலைந்து துப்பாக்கிகளைப் பிடித்துப் பார்த்த பிறகு வாங்கலாம். 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில் இருக்கட்டும்.

நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் லைசென்ஸில் எந்தெந்த மாநிலத்துக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ஒரு மாநிலத்துக்கு மட்டும் என்றிருந்தால், பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் துப்பாக்கி வரக் கூடாது. நிரந்தர மாற்றல் என்றால், சாமான் லாரிக்குச் சொல்வதற்கு முன்பே லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் போகிற ஊர் அலுவலகத்துக்கும் எழுதிவிடுங்கள்.