சமம் எனும் சொல்லும் கணனியின் விடையும்
ஷெல் நிரல்களில் பெறுமானங்களையும் கோப்புகளையும் ஒப்பிடல் பற்றிய ஒரு விளக்கம்

ஒப்புநோக்கு ஆய்வுநெறிகள் யாவற்றுக்கும் பொதுவானதோர் அடிப்படைச் செயலாகும். இரண்டு ஏட்டுச் சுவடிகளை முன்வைத்து, இவை ஒன்றா வேறா என ஒருவர் வினவுவாராயின், அவ்வினா உண்மையில் மூன்று வினாக்களை உள்ளடக்கியது என்பதைப் பதிப்புத்துறையறிந்தார் உடன் உணர்வர். இரண்டும் ஒரே நூலா? ஒரே நூலாயின் பாடமும் ஒன்றா? பாடம் ஒன்றாயின், கையிலுள்ளவை இரண்டு ஏடுகளா அன்றி ஒரே ஏட்டைப் பற்றிய இரண்டு குறிப்புகளா? வினாவைப் பிரித்தறியாது பெறும் விடை ஆய்வாளனைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். கணனியிலும் நிலைமை இதுவே. ஷெல் எனப்படும் கட்டளை மொழியில் எழுதப்படும் நிரல்கள் பெறுமானங்களையும் கோப்புகளையும் எவ்வாறு ஒப்பிடுகின்றன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

யுனிக்ஸ் எனும் பணிசெயல் முறைமை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோரால் தொடங்கப்பெற்றது. பயனாளரின் கட்டளைகளை வாங்கி, அவற்றுக்குரிய நிரல்களை இயக்கும் இடைநிலை நிரலே ஷெல் ஆகும். ஸ்ரீபன் போர்ண் இயற்றிய ஷெல் 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் பரவியது. அதன் வழிவந்த பாஷ் 1989இல் பிறையன் பொக்ஸினால் வெளியிடப்பெற்றது. இன்று லினக்ஸ் கணனிகளிற் பெரும்பாலானவற்றில் இம்மரபே நிலவுகின்றது. ஆவணங்களைப் பிரதிசெய்தல், பழையனவற்றை நீக்குதல், சேகரிப்புகளைச் சரிபார்த்தல் முதலாய பணிகள் பல, மனிதர் உறங்கும் வேளையில் இத்தகைய நிரல்களால் ஆற்றப்படுகின்றன. அவை ‘சமம்’ என்றோ ‘சமமன்று’ என்றோ பெறும் விடையைக் கொண்டே ஒரு கோப்பு வைக்கப்படுகின்றது அல்லது அழிக்கப்படுகின்றது.

ஷெல்லின் அடிப்படை இயல்பு ஒன்றை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். பிறமொழிகள் பல, எண்ணையும் எழுத்துத் தொடரையும் வேறுவேறு இனங்களாகக் கொள்வன. ஷெல்லோ, மாறியொன்றில் இடப்பெறும் யாவற்றையும் பெரும்பாலும் எழுத்துத் தொடராகவே கொள்கின்றது. அது எண்ணா எழுத்தா என்பதை ஒப்பிடுவோன் தேர்ந்தெடுக்கும் குறியே தீர்மானிக்கின்றது. ‘=’ எனும் குறி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது. ‘-ஈகியூ’ எனும் சுருக்கக் குறி எண்ணாகக் கருதி ஒப்பிடுவது. 10, 010 என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ‘=’ குறியிட்டு வினவினால், மூன்றெழுத்தும் ஈரெழுத்தும் ஒன்றாகா என்பதால் ‘வேறு’ என்பது விடை. பாஷ் ஷெல்லில் ஒற்றைச் சதுர அடைப்பினுள் ‘-ஈகியூ’ இட்டு வினவினால், இரண்டும் தசம எண்களாகக் கொள்ளப்பட்டு ‘சமம்’ என விடை வரும். அதே குறியை இரட்டைச் சதுர அடைப்பினுள் இட்டால், பூச்சியத்தில் தொடங்கும் எண் எண்ம முறைக்குரியதாகக் கொள்ளப்படும். 010 எட்டாகிவிடுவதால் மீண்டும் ‘வேறு’ என்பதே விடையாகும்.

இது வெறும் நுணுக்கமன்று. மாதங்களை 01, 02 என இலக்கமிட்டு இரட்டை அடைப்பினுள் ஒப்பிடும் நிரலொன்று ஜனவரி முதல் ஜூலை வரை குறையின்றி இயங்கும். எண்ம முறையில் 8, 9 என்னும் இலக்கங்கள் இல்லையாதலின், ஓகஸ்ட் மாதத்தில் 08ஐக் கண்டதும் பிழையென முறையிடும். எண்ணின் முன்னே 10# என இட்டுத் தசம முறையைச் சுட்டுவதே இதற்குப் பரிகாரம்.

வரிசை பற்றிய ஒப்பீடும் இத்தகையதே. எண்ணாக நோக்கின் 9 சிறிது, 10 பெரிது. எழுத்தாக நோக்கினோ, 1 எனும் எழுத்து 9இற்கு முற்பட்டதாகையால் 10 முன்னே வந்துவிடும். இதனினும் கொடியதொரு பொறி ‘>’ எனும் குறியில் உள்ளது. கணிதத்தில் ‘பெரிது’ எனப் பொருள்படும் இக்குறி, ஷெல்லில் ஒரு கட்டளையின் வெளியீட்டைக் கோப்பொன்றினுள் செலுத்துவதற்கும் உரியது. ஒற்றை அடைப்பினுள் ‘10 > 9’ என எழுதினால், ஷெல் ஒப்பீடு எதனையும் செய்யாது. 9 எனும் பெயரில் வெறுங்கோப்பு ஒன்றினை ஆக்கிவிட்டு, ‘மெய்’ என விடையிறுக்கும். அப்பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்திருப்பின், அதன் உள்ளடக்கம் முற்றாக அழிந்துவிடும். வினா கேட்ட செயலே ஆவணத்தை அழித்துவிடுகின்ற விபரீதம் இது. எண்களை ஒப்பிடுவதற்கு ‘-ஜிரி’, ‘-எல்ரி’ எனும் சுருக்கக் குறிகள் அமைந்தமையின் தேவை இதனால் விளங்கும்.

இனி விடையின் இயல்பை நோக்குவோம். ஷெல்லிற் கட்டளை ஒவ்வொன்றும் முடிவில் ஓர் எண்ணை விட்டுச்செல்கின்றது. ஒப்பீட்டுக் கட்டளைகளைப் பொறுத்தவரை 0 என்பது ‘ஆம்’, 1 என்பது ‘இல்லை’, 2 அல்லது அதற்கு மேற்பட்டது ‘ஒப்பிட இயலவில்லை’ எனப் பொருள்படும். ஆக, விடைகள் மூன்று. ஆனால் ‘இவ்’ எனும் நிபந்தனைக் கூற்றோ, பூச்சியமல்லாத யாவற்றையும் ‘இல்லை’ என்றே கொள்கின்றது. மாறி ஒன்று வெறுமையாயிருந்து, அது மேற்கோட் குறிகளுக்குள் இடப்படாதிருப்பின், ஒப்பீட்டின் இடப்புறமே மறைந்துபோய் வாக்கியம் பிழைபடும். அப்பிழையும் ‘சமமன்று’ என்ற விடையாகவே வேடந்தரித்து வரும். இரண்டு கோப்புகளுள் ஒன்றைத் திறக்க அனுமதி இல்லாதவிடத்தும் நிலைமை இதுவே. ‘வேறுபடின் பழையதன்மேல் புதியதை எழுதுக’ எனப் பணிக்கப்பட்ட நிரல், அறியாமையை வேறுபாடாகக் கொண்டு செயற்பட்டுவிடும். மாறிகளை மேற்கோட் குறிகளுக்குள் இடுவதும், 1ஐயும் 2ஐயும் பிரித்து ஆராய்வதும் இன்றியமையாதன.

கோப்புகளை ஒப்பிடுமிடத்து, முன்னர்க் கூறிய சுவடி வினாக்கள் மீளவும் எழுகின்றன. ‘சிஎம்பி’ எனும் கட்டளை, இரண்டு கோப்புகளையும் பைற்று பைற்றாக ஒப்பிட்டு, முதல் வேறுபாடு தோன்றும் இடத்தைச் சுட்டி நின்றுவிடும். ‘டிவ்’ எனும் கட்டளையோ வரிவரியாக ஒப்பிட்டு, எவ்வரிகள் சேர்ந்தன, எவை நீங்கின, எவை மாறின எனப் பட்டியலிடும். டக்ளஸ் மக்கில்றோய், ஜேம்ஸ் ஹன்ற் ஆகியோர் 1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிய இக்கருவியைப் பாடபேதம் காணும் கருவி எனலாம். ‘-என்ரி’ எனும் குறி, உள்ளடக்கத்தை நோக்காது, எக்கோப்பு பின்னர் மாற்றப்பட்டது என்பதை மட்டும் காட்டும். சாதாரணமாகப் பிரதிசெய்யப்பட்ட கோப்பு பிரதிசெய்த நேரத்தையே பெறுவதால், மூலத்தினும் புதியதாகத் தோன்றும். எனவே காலத்தைக் கொண்டு உள்ளடக்கத்தை அனுமானித்தல் பொருந்தாது.

நான்காவதாகிய ‘-ஈஎவ்’ எனும் குறி நுட்பமானது. அது, இரண்டு பெயர்களும் வட்டில் உள்ள ஒரே கோப்பையே சுட்டுகின்றனவா என வினவுகின்றது. யுனிக்ஸ் மரபில் ஒரு கோப்புக்குப் பல பெயர்கள் இருத்தல் கூடும். இரண்டாம் பெயரொன்றை ‘காப்புப் பிரதி’ என ஒருவர் கருதிவிட்டால், ‘சிஎம்பி’ கட்டளை எத்தனைமுறை சோதிப்பினும் ‘வேறுபாடில்லை’ என்றே கூறும். தன்னைத் தன்னோடு ஒப்பிட்டு வேறுபாடு காண்பது யாங்ஙனம்? ஒரு பெயர்வழி உள்ளடக்கத்தைச் சிதைப்பின் மறுபெயர்வழியும் சிதைவே எஞ்சும். ஆகவே உண்மைப் பிரதிக்கு இரண்டு நிபந்தனைகள் உள: உள்ளடக்கம் ஒன்றாயிருத்தல் வேண்டும், கோப்பு வேறாயிருத்தல் வேண்டும். அவை இரண்டும் ஒரே வட்டில் இருப்பின் வட்டின் அழிவு இரண்டையும் கொண்டுசெல்லும் என்பதும் வெளிப்படை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளை இழந்த சமூகத்துக்கு இவ்வேறுபாட்டின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூலமும் பிரதியும் வேறுவேறு ஊர்களில் இருக்கும்போது பைற்று பைற்றாக ஒப்பிடல் எளிதன்று. அவ்விடத்து எஸ்எச்ஏ-256 போன்ற முறைகளாற் கோப்பு ஒவ்வொன்றுக்கும் கணிக்கப்படும் 64 பதினறும இலக்கங் கொண்ட சுருக்கத்தை ஒப்பிடுவர். சுருக்கங்கள் வேறாயின் கோப்புகளும் வேறாம் என்பது உறுதி. அவை ஒன்றாயின் கோப்புகளும் ஒன்றெனக் கொள்வது நடைமுறையில் ஏற்புடையது.

தமிழ் ஆவணங்களைப் பேணுவோர் கருதவேண்டிய பிறிதொன்றும் உண்டு. யுனிகோட் நியமத்தில் ‘கொ’ எனும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். யுரிஎவ்-8 முறையில் முன்னையது 6 பைற்றுகள், பின்னையது 9 பைற்றுகள். இரண்டும் ஒன்றே என்பது நியமத்தின் கூற்று. கண்ணுக்கும் வேறுபாடு புலப்படாது. ஆனால் ‘=’ குறியும் ‘சிஎம்பி’ கட்டளையும் இவற்றை வேறென்றே கூறும். ஆதலின், பாடத்தை ஒப்பிடுவதே நோக்கமாயின், முதலில் இரண்டையும் ஒருசீராக்கிப் பின்னரே ஒப்பிடல் வேண்டும். யுனிகோட் எண்வரிசையில் னகரம் பகரத்துக்கு முன் நிற்பதால், குறியீட்டு வரிசைப்படி அமையும் சொற்பட்டியல் நெடுங்கணக்கு முறையினின்றும் வழுவும் என்பதும் நினைவுகூரத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ‘சமம்’ என்பது பொருள்களிடத்தே தானாக அமைந்துகிடக்கும் ஒரு பண்பன்று என்பது பெறப்படும். அது ஒரு நோக்கத்தைச் சார்ந்து நிறுவப்படும் உறவு. எழுத்தால் வேறாயவை எண்ணால் ஒன்றாகலாம். உள்ளடக்கத்தால் ஒன்றாயவை இருப்பால் இரண்டாகலாம். கண்ணுக்கு ஒன்றாயவை பைற்றுகளால் வேறாகலாம். எந்நோக்கிற் சமம் என்பதைக் கணனி முடிவுசெய்வதில்லை. நிரலை எழுதுவோரே முடிவுசெய்கின்றனர். அம்முடிவு குறிகளுள் மறைந்துகிடப்பதாற் பலரும் அதனைக் காண்பதில்லை. நமது நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இந்நிரல்களை நம்பி இயங்கும் இக்காலத்தில், அக்குறிகளை வாசித்தறியும் ஆற்றல் தொழினுட்பவியலார் சிலரின் தனியுடைமையாக இருத்தல் ஆகாது. சுவடியை ஒப்பிடக் கற்ற சமூகம் கோப்பினை ஒப்பிடவும் கற்றல் வேண்டும்.